தொண்ணூறு டிகிரிக்கு மேல்

சித்திரை பிறந்ததிலிருந்து வசந்தாமணி தன் கணவர் சென்னியப்பனின் முகத்தைப் பார்த்ததைவிடக் கம்ப்யூட்டர் பெட்டியைப் பார்த்ததுதான் அதிகம். கட்டிலை ஒட்டிய மேசைக்கு அடியில் அந்தக் கறுப்புப் பெட்டி ஓயாமல் உறுமிக்கொண்டிருக்கும். அதன் முன்பக்கத்தில் சூட்டைக் காட்டும் ஓர் எண் ஒளிரும். காலையில் அது அறுபது சொச்சத்தில் இருக்கும். வெயில் ஏற ஏற அதுவும் ஏறும். எண்பதைத் தாண்டினால் எண் மஞ்சளாகும், தொண்ணூற்றைத் தாண்டினால் சிவப்பாகும். சிவப்பானால் சென்னியப்பனின் குரல் இழுக்கும், அறுபடும். நூற்றைத் தொட்டால் பெட்டி தானாகவே அணைந்துவிடும் என்று அதைப் பொருத்திய என்ஜினீயர் ஷாகிரா சொல்லியிருந்தாள். அப்படி அணைந்து அணைந்து எழுந்தால் ஒருநாள் எழாமலே போய்விடும் என்பதையும் சொல்லியிருந்தாள்.

கரூர்ப் பக்கத்து ஊரான க.பரமத்தியின் வெயில் எப்போதும் பேர்போனது. இந்தச் சில வருடங்களில் அது காலை ஒன்பது மணிக்கே ஆளை வீட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்த வைத்துவிடுகிறது. எல்லா வீட்டு ஏசியும் ஒரே நேரத்தில் ஓடுவதால் மத்தியானத்தில் வோல்டேஜ் இறங்கும், ஏசி முனகிவிட்டு நின்றுபோகும். பெட்டிக்கு யுபிஎஸ் இருந்தது, ஏசிக்கு இல்லை. அந்த நேரங்களில் வசந்தாமணி ஜன்னலில் ஈரச் சாக்கைத் தொங்கவிடுவாள். பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, மேசை விசிறியை அதன் வயிற்றுக்கு நேராகத் திருப்பிவைப்பாள். பெயிண்ட் பிரஷ்ஷை வைத்து உள்விசிறிகளின் தூசியைத் தட்டுவாள். கம்ப்யூட்டர் சில்லுக்கும் அதன் மேல் உட்கார்ந்திருக்கும் அலுமினியக் கட்டைக்கும் நடுவில் பூசுகிற பசையைக்கூட, ஷாகிரா போனில் சொல்லச் சொல்ல, ஒருமுறை அவளே துடைத்துப் புதிதாகப் பூசினாள். பிறந்த குழந்தையாக மகள் பிரதீபாவை முதன்முதலில் காலில் போட்டுக் குளிப்பாட்டியபோதுகூட அவள் அவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்ததில்லை.

காரணம், அந்தப் பெட்டிக்குள்தான் சென்னியப்பனின் குரல் இருந்தது.

கரூரில் ஓர் ஏற்றுமதி கம்பெனியில் சரக்கு அனுப்பும் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். பக்கவாதம் வந்து விழுந்தபின் உடம்பு அசையவில்லை, நாக்கும் அசையவில்லை. கண்ணிமைகள் அவர் சொல் கேட்காமல் தாமாகவே துடித்தன. கோவையில் ஒரு மருத்துவமனையில் மண்டை ஓட்டுக்கு அடியில் மெல்லிய தகடு ஒன்றை வைத்தார்கள். அவர் பேச நினைப்பதைத் தகடு படிக்கும், பெட்டி அதைச் சொல்லாக்கும், மேசைமேல் இருக்கும் ஸ்பீக்கர் அவருடைய பழைய குரலிலேயே பேசும். மூளையிலிருந்து வருகிற எதுவும் வீட்டுச் சுவரைத் தாண்டிப் போகக் கூடாது என்று சட்டம் வந்துவிட்டதால், பெட்டி கட்டில் பக்கத்திலேயே இருந்தாக வேண்டியிருந்தது. குரலைப் பழக்க அவர் பேசிப் பதிவான பேச்சு வேண்டும் என்று கேட்டார்கள். மகள் பிரதீபா அப்பாவின் போனில் இருந்த குரல் செய்திகளை எல்லாம் அப்படியே கொடுத்தாள்.

எட்டு மாதமாக அந்தக் குரல் வீட்டில் இருந்தது. வசந்தாமணி யாரிடமும் வெளியே சொல்லிக்கொள்ளவில்லை, ஆனால் அந்த எட்டு மாதம் அவள் வாழ்ந்த மாதங்கள். கல்யாணமான நாளிலிருந்து வீட்டில் அளந்து பேசியவர் சென்னியப்பன். கோபக்காரர் இல்லை, பேச்சு இல்லை, அவ்வளவுதான். இப்போது அவள் அறைக்குள் நுழைந்தாலே, "வா வசந்தா, சாப்டியா?" என்று ஸ்பீக்கர் கேட்டது. எதைச் சொன்னாலும், "ஆகட்டும், பண்ணிடலாம்" என்றது. கோவையில் வேலை பார்க்கும் பிரதீபாவும் ஒருநாள் விடாமல் போன் செய்து அப்பாவோடு பேசினாள்.

வெயிலுக்கு ஒரு நிரந்தர வழியையும் பிரதீபாவே கண்டுபிடித்தாள். புதுச் சில்லு ஒன்று வந்திருந்தது. பெட்டி செய்கிற வேலை முழுவதையும் அதுவே செய்யும். இன்னொரு ஆபரேஷன் செய்து காதுக்குப் பின்னால் வைத்துவிட்டால் பெட்டி வேண்டாம், விசிறி வேண்டாம், சூடு என்ற பேச்சே இல்லை. நோயாளி தன் வாயால் சம்மதம் சொல்வதைப் படம் பிடித்துக்கொள்ள கோவை மருத்துவமனையின் டாக்டர் அருந்ததி வியாழக்கிழமை வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. சென்னியப்பனிடம் மகள் கேட்டதற்கு, "ஆகட்டும் கண்ணு, பண்ணிடலாம்" என்றிருந்தார்.

வியாழனுக்கு முந்தின திங்கட்கிழமை மத்தியானம் வோல்டேஜ் இறங்கியது. வசந்தாமணி அவருக்கு முதுகைத் துடைத்துவிட்டுக்கொண்டே வியாழக்கிழமை நடக்கப்போவதைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"டாக்டரம்மா வருவாங்களாமா. நீங்க சரின்னு சொன்னாப் போதுமாமா. அப்பறம் இந்தப் பொட்டியோட மாரடிக்க வேண்டியதில்லீங்க."

"ஆகட்டும் வசந்தா, பண்ணி..."

குரல் இழுத்தது. எண் சிவப்பாக இருந்தது. அவள் துண்டைப் போட்டுவிட்டு விசிறியை இன்னும் கிட்டே தள்ளினாள். ஸ்பீக்கரிலிருந்து ஏற்ற இறக்கம் இல்லாமல், கல்லைக் கீழே வைத்தது போல ஒரு சொல் வந்தது.

"வேண்டாம்."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"தலை. வேண்டாம். வேண்டாம்."

கரண்ட் சரியாகி ஏசி ஓடத் தொடங்கியது. எண் மெல்ல மஞ்சளுக்கு இறங்கியது. என்ன சொன்னீர்கள் என்று அவள் மறுபடியும் கேட்டபோது பழைய குரலே திரும்பி வந்தது. "ஒண்ணுமில்ல வசந்தா. எல்லாம் நல்லபடியா முடிச்சுடலாம். நீ சாப்டியா?"

அவள் போனை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

வாசலுக்கு வந்து நின்று ஷாகிராவுக்குப் போன் போட்டாள். பெட்டியைப் பொருத்தியதோடு குரலைப் பழக்கியதும் அவள்தான். கோவைக்காரி, பொறுமைசாலி. நடந்ததைக் கேட்டுவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, சூட்டில் அப்படித்தான் ஆகும் என்றாள். ஏன் அப்படி ஆகிறது என்று வசந்தாமணி விடாமல் கேட்டாள்.

"உள்ள ரெண்டு வேலை நடக்குதுங்கம்மா. தகட்டுல இருந்து வர்றதப் பாத்து, அவர் என்ன சொல்ல வர்றார்னு ஒவ்வொரு சொல்லா ஊகிக்கறது முதல் வேலை. அது குத்துமதிப்பாத்தான் இருக்கும். அத வெச்சு, இவர் வழக்கமா எப்படிப் பேசுவாரோ அப்படி முழுசாக் கோத்துக் குடுக்கறது ரெண்டாவது வேலை. அதுக்குத்தான் சக்தி நெறைய வேணும். சூடு தாங்கலைன்னா பொட்டி வேகத்தக் கொறைச்சுக்கிட்டு, ரெண்டாவது வேலைய விட்டுடும். அதான் துண்டு துண்டா வருது."

"அப்ப வேண்டாம்னு சொன்னது அவருங்களா?"

"அப்படி அடிச்சுச் சொல்ல முடியாதுங்க. முதல் வேலையில மூணு சொல்லுக்கு ஒண்ணு தப்பா வரும்."

"செரி கண்ணு. குளுந்து இருக்கறப்ப ஆகட்டும், ஆகட்டும்னு சொல்றது யாரு?"

ஷாகிரா குரலைத் தாழ்த்திக்கொண்டு, அது அவருடைய பழைய பேச்சு என்றாள். பழக்குவதற்குக் கொடுத்த செய்திகள் ஏறக்குறைய எல்லாமே லாரி டிரைவர்களுக்கும் வெளிநாட்டுக்குச் சரக்கு வாங்குகிறவர்களுக்கும் அவர் அனுப்பியவை. அவற்றில் 'ஆகட்டுங்க, பண்ணிடலாமுங்க' என்பது ஆயிரக்கணக்கில் இருந்தது. 'வேண்டாம்' என்ற சொல் இல்லை என்றே சொல்லலாம். இந்த மனிதர் மறுத்துப் பேசமாட்டார் என்று பெட்டி கற்றுக்கொண்டிருந்தது. மறுப்பு வந்தால் ஏதோ பிழை என்று எடுத்துக்கொண்டு திருத்திவிடும்.

"அந்த ரெண்டாவது வேலைய நிறுத்திப்போட முடியாதா?"

டாக்டர் எழுதிக் கொடுக்காமல் தன்னால் முடியாது என்றாள் ஷாகிரா. புதுச் சில்லில் இரண்டு வேலையும் ஒன்றாகவே இருக்கும், பிரிக்க வராது. அது சூடாகவே ஆகாது என்பதையும் சொன்னாள். போன மாதம் இதே வார்த்தையைக் கேட்டபோது வசந்தாமணிக்குக் கோயிலில் விளக்குப் போட வேண்டும் என்று தோன்றியது. இப்போது அதையே மனதுக்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். சூடாகாது என்றால் பேச்சு துண்டு துண்டாக உடையாது. உடையாது என்றால், இனி அந்த 'வேண்டாம்' எந்த மத்தியானத்திலும் வெளியே வராது.

போனை வைத்தபின் வெகுநேரம் அங்கேயே நின்றாள். சென்னியப்பன் வேலையிலிருந்து வந்ததும் வாசலில் நடந்துகொண்டே போனில் பேசுவார். "சாப்டீங்களாண்ணா? பாத்துப் போங்க" என்பார். கேட்டுக் கேட்டு அந்த முகம் தெரியாத டிரைவர்கள் மேல் அவளுக்குப் பொறாமைகூட வந்ததுண்டு. பேசி முடித்து உள்ளே வந்தால் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவார். எட்டு மாதமாகத் தனக்குக் கிடைத்தது யாருடைய 'சாப்டியா' என்று இப்போது தெரிந்தது. தெரியாமலே இருந்திருக்கலாம் என்று ஒரு கணம் நினைத்தாள். அப்படி நினைத்ததற்காகவே பயந்தாள்.

மறுநாள் மத்தியானம் ஏசியை அவளே நிறுத்தினாள். விசிறியைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். எண் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். வாங்கி வைத்த நாளிலிருந்து எதற்குப் பயந்தாளோ அதைத் தானே செய்கிறாள். சில்லு வெந்துபோனால் பழக்கியதெல்லாம் அதோடு போய்விடும், அவருக்கு எந்தக் குரலும் இருக்காது. எண் சிவப்பானதும் தன் விரலை அவருடைய இடது உள்ளங்கையில் வைத்தாள். அந்தக் கையில் மட்டும் கொஞ்ச நாளாக லேசாக உயிர் வந்திருந்தது. ஸ்பீக்கர் பேசத் தொடங்கிய பிறகு அவர் கையை யாரும் கவனித்ததில்லை.

"ஏனுங்க, ஆபரேசன் வேண்டாம்னா என் விரலப் புடிங்க."

"வேண்டாம்," என்றது ஸ்பீக்கர். விரல்கள் மெல்ல மடங்கின.

விரலை எடுத்து மறுபடியும் வைத்து, பிரதீபா வர வேண்டாமா என்று வசந்தாமணி கேட்டாள். விரல்கள் அசையவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, தினமும் சாயங்காலம் கொடுக்கும் மஞ்சள் பால் வேண்டாமா என்று கேட்டாள். விரல்கள் இறுகிப் பிடித்தன. "பால். வேண்டாம். நாத்தம்." எட்டு மாதமாக அவள் ஆற்றிக்கொடுத்த ஒவ்வொரு டம்ளருக்கும் அந்தக் குரல், "குடு வசந்தா, நல்லா இருக்கு" என்று சொல்லியிருந்தது. எண் தொண்ணூற்றேழில் நின்றபோது ஓடிப்போய் ஏசியைப் போட்டாள். அடுப்படியில் காய்ச்சி வைத்திருந்த பாலை எடுத்துத் தொட்டியில் ஊற்றினாள்.

பிரதீபா இதை நம்பவில்லை. போனில் அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு கோபம் வந்தது. "காய்ச்சல்ல ஒருத்தர் பொலம்பறத எடுத்துட்டு, இதுதான் அவர் மனசுன்னு சொல்லுவியாம்மா?" என்று கேட்டாள். வசந்தாமணிக்கே அந்தச் சந்தேகம் இருந்தது.

வியாழக்கிழமை டாக்டர் அருந்ததி கேமராவோடு வந்தார். பிரதீபா முந்தின நாளே வந்திருந்தாள். அறை குளிர்ந்திருந்தது, எண் எழுபதில் இருந்தது. டாக்டர் நிதானமாக ஆபரேஷனின் ஆபத்துகளை எல்லாம் விளக்கிவிட்டு, இதற்கு உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டார். "ஆகட்டுங்க டாக்டர், பண்ணிடலாமுங்க," என்றது ஸ்பீக்கர்.

வசந்தாமணி எழுந்து போய் ஏசியை அணைத்தாள். விசிறியையும் அணைத்தாள். தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பெட்டியின் பின்பக்கம் காற்றுப் போகும் துளைகளின் மேல் போட்டாள்.

பிரதீபா பாய்ந்து வந்து கையைப் பிடித்தாள். "அது வெந்து போச்சுன்னா அப்பா பேச்சே போயிரும்மா."

"தெரியும் கண்ணு."

"அப்பா எங்கிட்ட இத்தனை பேசுனதே இல்ல." பிரதீபாவின் குரல் இறங்கியிருந்தது. "எனக்கு இந்த அப்பா போதும்மா."

"எனக்கும் அப்படித்தான் சாமி இருக்குது. அதுதான் பயமா இருக்குது."

டாக்டர் இருவரையும் பார்த்தார். சூட்டில் மட்டும் வரும் 'வேண்டாம்' பற்றி வசந்தாமணி சொன்னதைக் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டுவிட்டு, கேமரா ஓடட்டும், பொறுத்துப் பார்க்கலாம் என்றார். மூன்று பேரும் வியர்வையில் நனைந்துகொண்டு அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது மஞ்சளானது. பெட்டியின் உள்விசிறிகள் வெறிகொண்டது போல இரைந்தன. துண்டை எடுத்துவிடலாம் என்று வசந்தாமணியின் கை இரண்டுமுறை போய்த் திரும்பியது. எண் சிவப்பானது. டாக்டர் அதே கேள்வியை மறுபடியும் கேட்டார்.

"வேண்டாம்."

டாக்டர் அவருடைய இடது கையைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். இப்படிப் படுத்திருப்பவர்கள் உள்ளங்கையில் எதை வைத்தாலும் பிடித்துக்கொள்வார்கள், பிடிப்பதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்று வசந்தாமணியிடம் சொன்னார். ஆனால் டாக்டர் கையை விடவில்லை. அவர் தன் விரலை உள்ளங்கையில் வைத்து, அது மடங்கிப் பிடிக்கும்வரை காத்திருந்து, பிறகு குனிந்து மெதுவாகக் கேட்டார். "பிடிக்கறது தானா நடக்கும். விடறது நீங்க நினைச்சாத்தான் நடக்கும். ஆபரேஷன் வேண்டாம்னா என் விரலை விடுங்க."

சுண்டுவிரல் முதலில் அசைந்தது. பிறகு ஒவ்வொன்றாக நான்கு விரல்களும் விரிந்தன. டாக்டரின் விரல் திறந்த உள்ளங்கையில் தனியாகக் கிடந்தது.

"பேச்சு," என்றது ஸ்பீக்கர். "பேச்சு. வேண்டாம்."

அதோடு எண் நூற்றைத் தொட்டது. பெட்டி அணைந்தது. அதன் உறுமல் நின்றபோதுதான், எட்டு மாதமாக அது ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தது என்பது வசந்தாமணிக்கு உறைத்தது. டாக்டர் கேமராவை நிறுத்தினார். இதைச் சம்மதம் என்று தன்னால் எழுத முடியாது என்றார். பிரதீபா சுவரோரம் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள்.

ஷாகிரா நேரிலேயே வந்தாள். சில்லு தப்பித்திருந்தது. டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தபடி இரண்டாவது வேலையை நிறுத்தினாள். 'பேச்சு வேண்டாம்' என்றதை, சொந்தப் பேச்சு மட்டும் போதும், இட்டுக்கட்டிய பேச்சு வேண்டாம் என்று சென்னியப்பன் கேட்டதாகத்தான் எல்லாரும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வேலை பாதியாகக் குறைந்ததால் பெட்டி உச்சிவெயிலிலும் அறுபதைத் தாண்டவில்லை. ஈரச் சாக்கு கொடிக்குப் போயிற்று. எல்லாம் தீர்ந்தது என்று வசந்தாமணி நினைத்தாள்.

ஆனால் குளிர்ந்த பெட்டி நிற்காமல் பேசியது. வாக்கியம் இல்லை, வெறும் சொற்கள். "ஈ." "முதுகு." "சத்தம்." "மணி." பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரியின் முன்னால், "எப்போ. போவா," என்றது. அவள் எழுந்து போய்விட்டாள். பிரதீபா சோறு ஊட்டிக்கொண்டிருக்கும்போது, "பாரம். நான். பாரம்," என்றது. அவள் கிண்ணத்தை வைத்துவிட்டு வெளியே ஓடினாள். வசந்தாமணி அவருக்குத் துணி மாற்றும்போதெல்லாம் ஒரே சொல்தான் வந்தது. "வெக்கம். வெக்கம். வெக்கம்." அவருடைய கண்கள் கூரையில் எதையோ தேடின. அவள் பார்க்காதது போல வேலையை முடிக்க முயன்றாள். முடியவில்லை. காது இருந்தது.

மறுபடியும் ஷாகிராவைக் கூப்பிட்டாள். சொல்ல நினைப்பது எது, சும்மா மனதுக்குள் ஓடுவது எது என்று தகட்டுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது என்றாள் ஷாகிரா. முன்பு எல்லாவற்றையும் இரண்டாவது வேலை மூடி மறைத்துக்கொண்டிருந்தது. "நாம வாய மூடிக்கறமில்லீங்களாம்மா, அது அவருக்கு இல்லீங்க."

அப்போதுதான் வசந்தாமணிக்கு அந்தக் கடைசிச் சொல் விளங்கியது. பெட்டி அணைவதற்கு முன் அவர் வேண்டாமென்றது ஆபரேஷனை மட்டும் இல்லை, பொய்ப் பேச்சை மட்டும் இல்லை. பேச்சையே வேண்டாமென்றார். நாளெல்லாம் ஊருக்குப் பேசிவிட்டு வீட்டுக்குள் வந்து வாயை மூடிக்கொண்ட மனிதர், மூட ஒரு வாய் இல்லாமல் எட்டு மாதம் கிடந்திருக்கிறார்.

அவர் கட்டைவிரலால் அழுத்தக்கூடிய மாதிரி ஒரு சுவிட்ச் வைத்துத் தர முடியுமா என்று கேட்டாள். பெட்டி அணையாமல் இருக்க என்ன வழி என்றுதான் எல்லா வீட்டிலும் கேட்பார்கள், அணைப்பதற்கு யாரும் வழி கேட்டதில்லை என்றாள் ஷாகிரா. மறுநாளே வந்து, இடது கட்டைவிரலுக்கு அடியில் தட்டையான பொத்தான் ஒன்றைப் பொருத்தினாள். ஒருமுறை அழுத்தினால் ஓடும், மறுமுறை அழுத்தினால் நிற்கும். விளக்கிச் சொல்லி முடிக்கும் முன்னரே கட்டைவிரல் அழுத்தியது. பெட்டி நின்றது.

நின்றது நின்றதுதான். பிரதீபா போன் செய்தால் வசந்தாமணி அதை அவர் காதில் வைப்பாள், மகள் மட்டும் பேசிவிட்டு வைத்துவிடுவாள். அவள் குரலில் கோபம் குறைந்து வந்தது, ஆனால் அழுகை குறையவில்லை. ஆனி பிறந்து மேல்காற்று வீசத் தொடங்கியது. வசந்தாமணி இப்போது எண்ணைப் பார்ப்பதில்லை, கட்டைவிரலைப் பார்த்தாள். அதில் பலம் போய்விட்டதோ, மறந்துவிட்டாரோ, இனி எப்போதுமே இல்லையோ என்று அவளுக்குள் ஓடியது. அழுத்துங்கள் என்று சொல்ல வாய் வரும். சொல்லாமல் திரும்பிப் போவாள்.

ஒருநாள் காலையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது அறையிலிருந்து விசிறிகள் சுழலத் தொடங்கும் சத்தம் கேட்டது. ஈரக் கையோடு வந்து வாசற்படியில் நின்றாள். ஸ்பீக்கர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. அவருடைய நெற்றி நரம்பு புடைத்திருந்தது. வேறு எதையும் நினைத்துவிடாமல் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பது போல இருந்தது முகம்.

"உக்காரு."

கட்டைவிரல் அழுத்தியது. பெட்டி நின்றது.

மூன்று சொல்லுக்கு ஒன்று தப்பாக வரும் என்பது அவளுக்குத் தெரியும். அவர் சொல்ல நினைத்தது வேறு ஏதாவதாகவும் இருந்திருக்கலாம். கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை. வசந்தாமணி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, ஸ்டூலைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.